முகத்தில் மச்சம் இருந்தால் முதலில் கண்ணைப் பாருங்கள்: ஸ்டர்ஜ்-வெபர் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எப்படி

குழந்தை பிறந்ததும் நெற்றியிலோ மேல் இமையிலோ, முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தபடி, தட்டையாக ஒரு சிவந்த மச்சம் தெரிந்தால் எல்லாரும் கேட்பது ‘இது எப்போ மறையும்?’ என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். ‘கண் அழுத்தம் பார்த்தாச்சா?’ என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி தெரியாமல் எங்களுக்கு நான்கு மாதம் போய்விட்டது. இதை எழுதுவதற்குக் காரணமே அந்த நான்கு மாதம்தான்.

என் மகளுக்கு வலது நெற்றியில் தொடங்கி இமை வழியாகக் கன்னம் வரை மச்சம். பிரசவம் நடந்த இடத்தில் ‘நிறைய குழந்தைகளுக்கு இருக்கும், ஒரு வயசுக்குள்ள போயிடும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் மாதம் வலது கண்ணில் மட்டும் நீர் வழிய ஆரம்பித்தது. கண்ணீர்ப் பாதை அடைப்பாக இருக்கும், மூக்கோரம் நீவிவிடுங்கள் என்றார்கள், நீவினோம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ‘என்ன அழகான பெரிய கண்ணு’ என்று கொஞ்சினார்கள், நாங்களும் பெருமையாகக் கேட்டுக்கொண்டோம். ஒருநாள் போனில் அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், இரண்டு கருவிழியும் ஒரே அளவில் இல்லை என்பது உறைத்தது. உள்ளே அழுத்தம் ஏறி, பச்சைக் குழந்தையின் கண் என்பதால் சுவர் இளகி, கண்ணே விரிந்துகொண்டிருந்திருக்கிறது. அழகு என்று எல்லாரும் சொன்னது அதைத்தான்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. இந்த ஒன்பது வருடத்தில் நான் கற்றது இது: ஸ்டர்ஜ்-வெபர் என்பது முகத்துத் தோல், கண், மூளை ஆகிய இடங்களில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சரியாக அமையாத பிறவி நோய்; இந்த நோயில் தோல் எல்லார் கண்ணிலும் படும், வலிப்பு வந்தால் வீடே பதறும், கண் மட்டும் சத்தமே போடாமல் போய்விடும். சத்தம் போடுகிற பக்கமே ஓடிக்கொண்டிருப்போம். அதனால் கீழே கண்ணுக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த மச்சம், எந்த இடம்

பிறந்த குழந்தையின் சிவப்பு மச்சங்கள் எல்லாம் ஒன்றல்ல, குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. புருவங்களுக்கு நடுவில், பிடரியில், இமையில் இளஞ்சிவப்பாக லேசாகத் தெரிவது ஒரு வகை. நிறையக் குழந்தைகளுக்கு இருக்கும், பெரும்பாலும் நடுவில் இருக்கும், முகத்தில் இருப்பது ஓரிரு வருடத்தில் மங்கிவிடும். ‘போயிடும்’ என்று சொல்கிறவர்கள் மனதில் வைத்திருப்பது இதைத்தான். இன்னொன்று ரத்தக்கட்டி மச்சம், ஹீமாஞ்சியோமா. பிறக்கும்போது அநேகமாகத் தெரியாது, சில வாரத்தில் மேலெழும்பி ஸ்ட்ராபெரி போலப் புடைத்து, சில மாதம் வேகமாக வளர்ந்து, அப்புறம் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும். மூன்றாவதுதான் போர்ட்-வைன் மச்சம். பிறக்கும்போதே இருக்கும், தட்டையாக இருக்கும், மறையாது, குழந்தை வளர வளர அதே அளவுக்குக் கூடவே வளரும். மாநிறத்திலும் அதைவிடக் கருத்த தோலிலும் சிவப்பு பளிச்சென்று தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும், ஆகவே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆயிரம் குழந்தைகளில் 3 பேருக்குப் போர்ட்-வைன் மச்சம் இருக்கிறது. ஸ்டர்ஜ்-வெபரோ 20,000 முதல் 50,000 பேரில் ஒருவருக்குத்தான். அதாவது மச்சம் இருக்கிற பெரும்பாலான குழந்தைகளுக்கு மூளையில் ஒன்றும் இருக்காது, இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், ராத்திரி தூங்க முடியும். எந்த இடம் என்பதுதான் முக்கியம். நெற்றி, மேல் இமை ஆகிய இடங்களைத் தொட்டால் கவனம் தேவை. மச்சம் பெரிதாக இருந்தாலோ, நெற்றியின் இரண்டு பக்கமும் இருந்தாலோ வாய்ப்பு இன்னும் கூடுகிறது. கீழ்க்கன்னத்திலோ தாடையிலோ மட்டும் இருந்தால் மூளை பாதித்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. முகத்தில் மச்சமே இல்லாமல் மூளையில் மட்டும் இருப்பதும் உண்டு, ஆனால் அது அபூர்வம்.

யார் காரணம் என்ற பேச்சை முதல் நாளே முடித்துவிடுங்கள்

‘மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே?’ என்று என்னைக் கேட்டவர்கள் பட்டியல் பெரிது. காரணம் 2013-லேயே தெரிந்துவிட்டது. ஜி.என்.ஏ.க்யூ. என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். அது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வருவதில்லை, கரு உருவான பிறகு அதில் ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக நடக்கிறது. அந்த ஒரு செல்லிலிருந்து பிரிந்து பெருகியவற்றில் மட்டும் மாற்றம் இருக்கும், உடம்பின் மற்ற செல்கள் எல்லாம் வழக்கம்போலத்தான். ஆகவே அடுத்த குழந்தைக்கு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. சாப்பாடு, வேலை, கோபம், தூக்கம், எதற்கும் இதில் பங்கில்லை. கேட்கிறவர்களுக்கு இதை அப்படியே சொல்லுங்கள், நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள், சண்டைக்குச் செலவழிக்க நேரம் இருக்காது.

முகத்துத் தோலும் கண்ணும் மூளையும் சேர்ந்து மாட்டுவது ஏன் என்றால், கருவின் ஆரம்ப வாரங்களில் மேல்முகத் தோலாகப் போகிற பகுதியும் மூளையின் பின்பகுதியாகப் போகிற பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மாறிய செல் அங்கே விழுந்தால் எல்லா இடத்திலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சரியாக அமையாமல் விரிந்து கிடக்கும். வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879-ல் ஆறரை வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். முகத்தில் ஒரு பக்கம் மச்சம், உடம்பின் எதிர்ப்பக்கம் துடிப்பு. முகத்தில் இருப்பது மாதிரியே மூளையின் மேலேயும் ஒரு மச்சம் இருக்க வேண்டும் என்று ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்திலேயே ஊகித்தார், அது சரியாகவே இருந்தது. மூளையில் படிந்த சுண்ணாம்பை எக்ஸ்ரேயில் பார்த்து 1922-ல் எழுதியவர் ஃபிரெடரிக் பார்க்ஸ் வெபர். பெயர் அப்படி வந்தது.

முதல் சில வாரங்களில் கேட்டு வாங்க வேண்டியவை

முதலில் கண். குழந்தைகளுக்கான கண் டாக்டரிடம் பிறந்த சில வாரங்களுக்குள் காட்டி, அழுத்தம் அளக்க வேண்டும், கருவிழியின் விட்டம் அளக்க வேண்டும், உள்ளே நரம்பைப் பார்க்க வேண்டும். ‘கண் நல்லா இருக்கு’ என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வது போதாது. அழுத்தம் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லச் சொல்லி எழுதி வாங்குங்கள். சரியாக இருந்தாலும் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. அப்புறம் இடைவெளியை டாக்டர் சொல்வார், ஆனால் வருடம் ஒருமுறையாவது, வாழ்நாள் முழுக்க.

அடுத்து நரம்பியல் டாக்டர், வலிப்பு வராவிட்டாலும். எம்.ஆர்.ஐ. எப்போது எடுப்பது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. பிறந்து சில வாரத்தில் எடுத்தால், நோய் இருந்தும் படம் சுத்தமாக வந்துவிடலாம். ஒரு வயதுக்கு மேல் சாய மருந்து ஏற்றி எடுக்கும் படத்தைத்தான் நம்பலாம். வலிப்போ ஒரு பக்கத் தளர்ச்சியோ தெரிந்தால் காத்திருக்காமல் உடனே எடுப்பார்கள். எனவே முதல் மாதத்து ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கேனுக்குப் பதிவு செய்யும்போதே சாய மருந்தோடு என்று எழுதியிருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள், இல்லாமல் எடுத்துவிட்டால் இன்னொருமுறை குழந்தையைப் பட்டினி போட்டு மயக்கம் கொடுக்க வேண்டி வரும்.

ஒரு மயக்கத்தில் முடிகிற வேலைகளைச் சேர்த்து முடியுங்கள். கண் பரிசோதனை, மச்சத்துக்கான லேசர் இரண்டும் ஒரே நாளில் முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள், கேட்காவிட்டால் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாகத் தேதி கொடுக்கும்.

கண்: வீட்டில் பார்க்க வேண்டியது

ஸ்டர்ஜ்-வெபரில் க்ளாகோமா என்கிற கண் அழுத்த நோய் வருவது 30 முதல் 70 சதவீதம் வரை என்று கணக்குகள் சொல்கின்றன. பெரும்பாலும் மச்சம் இருக்கிற பக்கத்துக் கண். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிறந்த முதல் வருடத்திலேயே, மீதிப் பேருக்குப் பள்ளிப் பருவத்திலோ இளவயதிலோ வரும். இடையில் பல வருடம் எல்லாம் சரியாக இருப்பதால் பரிசோதனையை விட்டுவிடுகிறவர்கள்தான் இரண்டாவது கட்டத்தில் மாட்டுகிறார்கள். வலிக்காது, சிவக்காது, பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வரும், குழந்தைக்கோ அதற்கு முன் எப்படி இருந்தது என்று ஒப்பிடத் தெரியாது. போன நரம்பு திரும்பாது.

கைக்குழந்தையிடம் பார்க்க வேண்டியவை இவை. ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர். வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, அல்லது தோளில் கண்ணைப் புதைத்துக்கொள்வது. கருவிழி மங்கலாக, ஊதிய கண்ணாடி மாதிரி. ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது. ஒரு வயதுக்குள் கருவிழியின் விட்டம் 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். வீட்டில் அளக்க முடியாது, ஆனால் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், நேராகப் பார்க்கவைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, நான்கு படத்தை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள், அந்த வாரமே போங்கள்.

சொட்டு மருந்து போடுவதில் ஒரு முறை இருக்கிறது, எனக்கு அதை ஆறு மாதம் கழித்துத்தான் ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். ஒரு சொட்டு போதும். போட்டதும் கண்ணை மூடவைத்து, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் மெதுவாக இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். டிமோலால் போன்ற மருந்து அப்படிக் கலந்தால் சின்னக் குழந்தைக்கு இதயத் துடிப்பு குறையலாம், மூச்சு இழுக்கலாம். இரண்டு வகை மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள், உடனே போட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பிரைமோனிடின் என்ற சொட்டு மருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது, மயங்கி மூச்சே நின்றுபோகிற ஆபத்து உண்டு. பெரியவர்களுக்குச் சாதாரணமாக எழுதுகிற மருந்து என்பதால் சீட்டில் அந்தப் பெயர் தெரிந்தால் குழந்தையின் வயதைச் சொல்லி ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதே மாதிரி, கண் சிவந்திருக்கிறது என்று கடையில் வாங்குகிற ஸ்டீராய்டு சொட்டு மருந்து அழுத்தத்தை ஏற்றிவிடும், கண் டாக்டர் சொல்லாமல் போடவே கூடாது.

கைக்குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் சொட்டு மருந்து மட்டும் போதாது, அறுவை சிகிச்சை தேவைப்படும், சில வருடம் கழித்து மறுபடியும் தேவைப்படலாம். இந்தக் குழந்தைகளில் பலருக்கு விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக் குழாய்ப் படலமும் தடித்திருக்கும். அறுவையின்போது அழுத்தம் சட்டென்று இறங்கினால் அங்கே நீர் கோக்கவோ ரத்தம் கசியவோ கூடும். அதனால் ஸ்டர்ஜ்-வெபர் கண்ணில் முன்பே கை வைத்த அனுபவம் இருக்கிறதா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அனுபவமுள்ளவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை. அறுவைக்குப் பிறகு நல்ல கண்ணை மூடிவைத்து மற்றதை வேலை வாங்கச் சொல்வார்கள், அந்த ஒட்டுப் பயிற்சியைக் குழந்தை அழுகிறதே என்று விட்டுவிடாதீர்கள், பார்வை பழகுகிற வயது போனால் வராது.

வலிப்பு

மூளை பாதித்த குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு முதல் வயதுக்குள் வலிப்பு தொடங்கிவிடுகிறது. எங்களுக்கு ஏழாம் மாதம், காய்ச்சலோடு. கை கால் வெட்டி இழுப்பதுதான் வலிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சம் வலது பக்கம் என்றால் மூளையிலும் வலது பக்கம், அப்போது துடிப்பு இடது கையிலோ இடது வாயோரத்திலோ வரும். என் மகளுக்கு முதலில் வந்தது இடது கட்டைவிரல் மட்டும் விட்டு விட்டுச் சுண்டுவது, கூடவே பார்வை ஒரு பக்கம் ஒட்டிக்கொள்வது. தூக்கத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்திருப்போம், கையைப் பிடித்தும் சுண்டல் நிற்காததால்தான் தெரிந்தது. அதைச் செய்து பாருங்கள்: துடிக்கிற கையை மெல்லப் பிடித்தால் சாதாரண நடுக்கம் நின்றுவிடும், வலிப்பு உங்கள் கைக்குள்ளேயே தொடரும். சில குழந்தைகளுக்கு உடம்பு சட்டென்று முன்னால் மடங்கி மடங்கி வரிசையாக வரும், அது தனி வகை, அன்றைக்கே காட்ட வேண்டியது.

வந்தால் செய்ய வேண்டியது: கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பிடித்து அமுக்காதீர்கள். இன்னொருவர் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அரை நிமிட வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது முழுதாகத் தெளியாமல் அடுத்தது வந்தால், டாக்டர் எழுதிக் கொடுத்த அவசர மருந்தைக் கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முதல்முறை என்றால் ஐந்து நிமிடம் காத்திருக்கவே வேண்டாம். அவசர மருந்து என்பது கன்னத்துக்குள்ளோ மூக்கிலோ கொடுக்கும் மிடாசோலமாகவோ, ஆசனவாய் வழியாகக் கொடுக்கும் டயசிபாமாகவோ இருக்கும். எந்த அளவு, எப்போது என்று முன்கூட்டியே எழுதி வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பையிலும் வையுங்கள், காலாவதி தேதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். இந்த நோயில் நீளமான, கொத்துக் கொத்தான வலிப்பு வருவதுண்டு. ஒவ்வொரு நீளமான வலிப்பும் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்திருக்கிற மூளைக்கு அடி. அதனால்தான் வலிப்பு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது என்று இவ்வளவு சொல்கிறார்கள். ஒரு வருடமாக வரவில்லையே என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

கண்ணும் மூளையும் ஒன்றோடொன்று மோதுவது மருந்துச் சீட்டில்தான். டோபிராமேட் என்ற வலிப்பு மருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றும். விகாபட்ரின் நாளடைவில் பார்வையின் ஓரத்தைக் குறைக்கலாம். இந்த மருந்துகள் கொடுக்கவே கூடாது என்பது இல்லை, தேவைப்படுகிற குழந்தைகளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நரம்பியல் டாக்டர் எழுதியதைக் கண் டாக்டருக்கும் கண் டாக்டர் எழுதியதை இவருக்கும் காட்டுகிற ஆள் நீங்கள் மட்டும்தான். ஃபெனிட்டாயின் ஈறைத் தடிக்கவைக்கும், மச்சம் வாய்க்குள்ளும் இறங்கியிருந்தால் ஈறு ஏற்கெனவே தடித்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும், அப்போது பல் டாக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று மருந்து மாற்றியும் அடங்காத வலிப்புக்கு, பாதிப்பு ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்தப் பகுதியை மூளையின் மற்ற பகுதியிலிருந்து துண்டிக்கிற அறுவை சிகிச்சை இருக்கிறது. கேட்கவே குலைநடுங்கும். ஆனால் சின்ன வயது மூளை மீதியை வைத்துக் கற்றுக்கொள்கிறது, வலிப்பு முழுதாக நின்றவர்கள் நிறையப் பேர். பேச்சு வந்தால் உடனே மறுக்காமல், அதற்கென்றே உள்ள மையத்தில் ஒரு கருத்து கேளுங்கள்.

திடீரென்று கை தளர்ந்தால்

வலிப்பு இல்லாமலேயே, அல்லது வந்து போன பிறகு, ஒரு பக்கக் கை கால் தளர்ந்து, சில மணி நேரமோ சில நாளோ அப்படியே இருந்து, பிறகு திரும்புவது இந்த நோயில் உண்டு. பக்கவாதம் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான், ‘போன தடவை தானா சரியாச்சே’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கில் நீர் வற்றுவது, தலையில் சின்னதாக ஓர் இடி, இவையெல்லாம் இதைக் கிளப்பிவிடும். ஆகவே தண்ணீரை முழுங்கு முழுங்காக நாள் முழுக்கக் கொடுங்கள், காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே இறக்கப் பாருங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள், தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

சில டாக்டர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள், விரிந்த குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க. கொடுத்தால் இரண்டு விஷயம் கவனம். குழந்தைக்கு ஃப்ளூவோ அம்மையோ வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டு ஆஸ்பிரினைத் தொடர்வதா என்று கேளுங்கள், அந்த நேரத்தில் அது ஈரலையும் மூளையையும் தாக்குகிற ஓர் ஆபத்தை உண்டாக்கலாம். காய்ச்சலுக்கு இபுபுரோஃபென் உள்ள மருந்தைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், ஆஸ்பிரினின் வேலையை அது கெடுக்கும், ரத்தக் கசிவையும் கூட்டும். பேசத் தெரிந்த வயதில் தலைவலி என்று சொன்னால் நம்புங்கள், ஒற்றைத் தலைவலி இவர்களுக்குச் சகஜம். பேசத் தெரியாத வயதில் காரணமில்லாமல் எரிச்சலும் வாந்தியும் இருந்தால், அதுவாகவும் இருக்கலாம், கண் அழுத்தமாகவும் இருக்கலாம்.

மச்சம்

இதை எல்லாரும் முதலில் கேட்பார்கள், நான் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். பல்ஸ்டு டை லேசர் என்ற 595 நானோமீட்டர் ஒளி, விரிந்த குழாய்களில் உள்ள ரத்தத்தைச் சூடாக்கி அவற்றை மூடவைக்கிறது. கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கினால் நன்றாகக் கேட்கும், தோல் மெல்லியதாக இருக்கும், பரப்பும் சின்னது. ஒருமுறையில் முடியாது, சில வார இடைவெளியில் பலமுறை. முழுதாக மறைவது குறைவு, வெளுப்பதுதான் வழக்கம், சில வருடத்தில் மறுபடி கொஞ்சம் கருக்கலாம். லேசர் வைத்த பிறகு ஒன்று இரண்டு வாரம் ஊதாநிறப் பொட்டுப் பொட்டாக இருக்கும், முன்பைவிட மோசமாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள். தேய்க்காமல், வாசலின் தடவி, வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். இமையில் வைக்கும்போது கண்ணுக்குள் கவசம் போட வேண்டும், போடுகிறார்களா என்று கேளுங்கள். மச்சத்தை அப்படியே விட்டால் வளர்ந்தபின் சிலருக்குத் தடித்துக் கருத்து, சின்னச் சின்ன முடிச்சுகள் வந்து ரத்தம் கசியும். அழகுக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல இது. ஆனால் வலிப்பு அடங்காத மாதத்தில் லேசர் தேதியைத் தள்ளிப்போட்டால் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

கடையிலும் வண்டியிலும் ‘சுட்டுக்கிட்டாளா?’ என்று கேட்பார்கள். ‘பிறவி மச்சம்’ என்று இரண்டே வார்த்தை, அவள் காதில் விழும்படி, சாதாரணக் குரலில். நாம் தடுமாறினால் அது மறைக்க வேண்டிய விஷயம் என்று அவள் புரிந்துகொள்வாள்.

வளரும்போது

ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையால் எல்லாவற்றையும் எடுத்தால், அதை வலது கைப் பழக்கம் என்று நினைக்காதீர்கள், மற்றக் கை தளர்ந்திருக்கலாம். பிசியோதெரபியை அன்றே தொடங்குங்கள். மூளையின் பின்பகுதி பாதித்தால் இரண்டு கண்ணுக்குமே ஒரு பக்கம் இருப்பது தெரியாது. என் மகள் இடது பக்கக் கதவு நிலையில்தான் எப்போதும் இடித்துக்கொள்வாள், தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும், தட்டைத் திருப்பி வைத்தால் சாப்பிடுவாள். கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. பள்ளியில் அவளை வகுப்பின் இடது ஓரத்தில் உட்காரவைக்கச் சொன்னோம், அப்போது பலகையும் டீச்சரும் அவளுக்கு வலப்பக்கம் வந்துவிடுவார்கள். உயரம் ஏறாமல் நின்றாலோ, எப்போதும் சோர்வாக இருந்தாலோ, வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு அவை குறைவது உண்டு, வலிப்பு மருந்தின் மேல் பழியைப் போட்டு விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. வலிப்பு வந்த தேதி, நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம். கண் அழுத்தம், இரு கண்ணுக்கும் எண்ணாக. இன்றைய மருந்தும் அளவும். முதல் பக்கத்தில் அவசர மருந்தின் அளவும் ‘ஸ்டர்ஜ்-வெபர், வலது பக்கம்’ என்ற வரியும். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் இருக்கிற இளம் டாக்டர் இந்தப் பெயரைப் படித்ததோடு சரி, நேரில் பார்த்திருக்க மாட்டார், அப்போது அந்த முதல் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் நோட்டு இப்போது ஆறாவது. ராத்திரி ஒன்பது மணிச் சொட்டை அவளே போட்டுக்கொள்கிறாள். தளர்ந்த இடது கையின் சுட்டுவிரலால் கீழிமையை இழுத்துப் பிடித்து, வலது கையில் பாட்டிலைக் கவிழ்த்து, ஒரு சொட்டு, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மூக்கோரத்தை அழுத்தியபடி 120 வரை சத்தமாக எண்ணுவாள். நடுவில் பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குவாள். எண்ணி முடித்ததும் நோட்டில் டிக் போடுவது என் வேலை.